இரவில் ஸ்ப்ளிண்ட் தேவையா? ஒரு மருத்துவமனை நூலகமும் ஆக்குபேஷனல் தெரபி பிரிவும்

நூலகம் மூடும் நேரம். நோயாளிகளை அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி பிரிவிலிருந்து ஓர் இளம் தெரபிஸ்ட் வந்து நின்றார். பக்கவாதம் வந்து நான்கு வாரம் ஆன ஒருவருக்கு வலது கை கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் மடங்கிக்கொண்டு வருகிறது. கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளிண்டை இரவில் போடச் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் இளக்கி, கைக்கு அளவாக வளைத்து, பட்டை ஒட்டி, மாட்டப் போகும்போது நோயாளியின் மகள் கேட்டாராம்: "இதைப் போட்டா கை மடங்காம இருக்குமா?"

"இருக்கும்னு சொல்லிட்டேன் மேடம். சொன்ன பிறகுதான் உறுத்துது. அது எனக்கு எப்படித் தெரியும்?"

நான் இந்த மருத்துவமனையின் நூலகர். ஆய்வுகளைத் தேடிப் படிப்பது பற்றி ஆறு மாதத்துக்கு முன்னால் நான் நடத்திய இரண்டு நாள் பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். பயிற்சி முடிவில் வைத்த தேர்வை நன்றாக எழுதியவர். அதற்குப் பிறகு, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தரவுத்தளத்தை ஒரு தடவையாவது திறந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அந்தப் பயிற்சிக்கும் இந்தக் கேள்விக்கும் நடுவில் என்ன விடுபட்டது, அதற்குப் பிறகு நாங்கள் எதை மாற்றினோம் என்பதுதான் இந்த ஆய்வு.

பின்னணி, சுருக்கமாக

ஆதாரம் சார்ந்த மருத்துவம் என்ற சொல்லை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கயாட் 1991இல் அச்சில் கொண்டுவந்தார். கிடைக்கும் ஆய்வுகளில் சிறந்தது, சிகிச்சையாளரின் அனுபவம், நோயாளிக்கு எது முக்கியம் என்பது, இவை மூன்றும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த மூன்றில் முதலாவது மட்டுமே ஆதாரம் என்று நினைப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். வேலைமுறையை ஐந்து படிகளாகச் சொல்வார்கள்: கேள்வியைச் சரியாகக் கேட்பது, தேடுவது, கிடைத்ததை எடைபோடுவது, நோயாளிக்குப் பொருத்துவது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது.

ஆக்குபேஷனல் தெரபி துறைக்குள் இந்தப் பேச்சு கொஞ்சம் பின்னால் வந்தது. அமெரிக்காவில் அத்துறையின் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்றான எலினார் கிளார்க் ஸ்லேகிள் உரையை 2000ஆம் ஆண்டு நிகழ்த்திய மார்கோ ஹோம், புதிய நூற்றாண்டில் துறையின் கடமையே ஆதாரம் சார்ந்த நடைமுறைதான் என்றார். நூலகர்களின் பங்கு இதற்கெல்லாம் முந்தையது. கெர்ட்ரூட் லாம் 1971இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி மருத்துவப் பள்ளியில் நூலகர்களை வார்டு ரவுண்ட்ஸுக்கே அனுப்பினார். அலமாரியை விட்டு நோயாளியின் கட்டிலருகே போன நூலகர்களின் வரிசை அங்கே தொடங்குகிறது. அந்த வரிசையில் நானும் ஒருத்தி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

முதல் முயற்சி

பிரிவின் தலைவி கேட்டுக்கொண்டதால் இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினோம். முதல் நாள், பைக்கோ முறையில் கேள்வி அமைப்பது: நோயாளி யார், சிகிச்சை என்ன, எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவை எதிர்பார்க்கிறோம். மதியம் பப்மெட்டும், நர்சிங், தெரபி கட்டுரைகளுக்கான சினால் தரவுத்தளமும். இரண்டாம் நாள், ஆய்வுக் கட்டுரைகளை எடைபோடுவது. எடுத்துக்காட்டுகளை நானே தேர்ந்தெடுத்திருந்தேன். பெரும்பாலும் மருந்து பற்றியவை. மருந்து ஆய்வுகளில் நான்கு பகுதிகளும் பளிச்சென்று தெரியும், கற்பிக்கச் சுலபம். அதுதான் நான் செய்த முதல் தவறு. மருந்து எழுதாத ஒரு துறைக்கு மருந்தை வைத்துப் பாடம் நடத்தினேன்.

பங்கேற்றவர்கள் நிறைவாகத்தான் போனார்கள். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் இடையே முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது. அறிக்கை எழுதி, மேலே அனுப்பி, விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஸ்ப்ளிண்ட் கேள்வி வந்த அன்று இரவு நான் செய்திருக்க வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தேன். மற்றவர்களுக்குத் தேடக் கற்றுக்கொடுக்கும் நான், என் கற்பித்தல் முறைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் அன்னி மெக்கிளஸ்கியும் மெரில் லோவரினியும் 2005இல் வெளியிட்ட ஆய்வு உடனே கிடைத்தது. 114 ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளுக்கு இரண்டு நாள் பயிலரங்கு நடத்தி, எட்டு மாதம் வரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அறிவு கூடியது, எட்டு மாதத்துக்குப் பிறகும் நிலைத்தது. ஆனால் நடத்தை மாறவில்லை. தேடுவதும் படிப்பதும் அன்றாட வேலைக்குள் வரவேயில்லை. ஆய்வின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது.

படித்து முடித்தபோது மனம் கனத்தது. நான் திட்டமிடுவதற்கு முன் இதைப் படித்திருந்தால் ஒரு பிரிவின் இரண்டு முழு நாட்களை வேறு விதமாகச் செலவழித்திருக்கலாம். பின்தொடர்வு இல்லாத பயிலரங்கை இனி யாரும் நடத்தக் கூடாது என்பதே என் கருத்து.

பிரிவில் உட்கார்ந்து பார்த்தது

அடுத்த இரண்டு வாரம், தினமும் ஒரு மணி நேரம், அனுமதி வாங்கிக்கொண்டு அந்தப் பிரிவின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். நேரமில்லை என்று தெரபிஸ்ட்டுகள் சொல்வது சாக்கு இல்லை என்று முதல் நாளே புரிந்துவிட்டது. ஒரு நோயாளி எழுந்து போகும்போதே அடுத்தவர் சக்கர நாற்காலியில் வந்து சேர்கிறார். கேள்விகள் பிறப்பதோ சட்டைப் பொத்தான் போடப் பழக்கும்போது, கரண்டி பிடிக்கவைக்கும்போது, கழிப்பறை இருக்கையின் உயரத்தை அளக்கும்போது. அந்த நேரத்தில் அவர்களுடைய இரண்டு கைகளும் நோயாளியின் மேல் இருக்கும். விசைப்பலகைக்கு மூன்றாவது கை கிடையாது. மாலையில் உட்காரும்போது, காலையில் தோன்றிய கேள்வி மறந்துபோயிருக்கும், அல்லது பக்கத்தில் இருக்கும் சீனியரிடம் கேட்டு முடித்திருப்பார்கள். சீனியரிடம் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் அவரும் தன் சீனியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்தானே.

பிரிவுக்கு ஒரே ஒரு கணினி. தரவுத்தளத்துக்குள் நுழையும் கடவுச்சொல் பாதிப் பேருக்கு நினைவில்லை. நான் இரண்டு நாள் வகுப்பெடுத்தேனே தவிர, இந்தக் கணினி எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்ததில்லை.

சொல் ஒரு பெரிய தடை

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். நூலகரால் மட்டுமே தரக்கூடிய உதவி இங்கேதான் இருக்கிறது.

ஆக்குபேஷன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் அது குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, விளையாடுவது, எழுதுவது என மனிதர் தன் நாளை நிரப்பிக்கொள்ளும் செயல் அத்தனையையும் குறிக்கும். தரவுத்தளத்தில் அதே சொல்லைத் தட்டினால் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல், ஆலைகளில் இரைச்சலால் வரும் காது கேளாமை என்று வந்து கொட்டும். அங்கே ஆக்குபேஷன் என்றால் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று சொல்லும்போதும் இதே குழப்பம் வருகிறது. உண்மையில் தொழில் என்ற நம் சொல்லின் பழைய பொருள் செயல்தான். செய்தல், உண்ணல், நடத்தல் ஆகியவற்றைத் தொழிற்பெயர் என்றுதானே இலக்கணம் சொல்கிறது? அந்தப் பொருளில் பார்த்தால் இந்தத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. வகுப்பில் இதைச் சொன்னபோது பலர் முகம் மலர்ந்தது. தங்கள் துறைக்கு என்ன பொருள் என்று வீட்டாருக்கு விளக்க இன்றுதான் ஒரு வழி கிடைத்தது என்றார் ஒருவர்.

ஓ.டி. என்ற சுருக்கம் இன்னும் மோசம். ஆபரேஷன் தியேட்டருக்கும் அதே சுருக்கம், ஆக்ஸிடோசின் ஹார்மோனுக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் அதே சுருக்கம். சரி, முழுப் பெயரையே போட்டுத் தேடலாம் என்றால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி என்ற சொல்லைக் கட்டாயமாக்கித் தேடினால், பிசியோதெரபிஸ்ட்டுகளோ நர்ஸுகளோ செய்து எழுதிய ஆய்வுகள் விடுபட்டுப்போகும். ஸ்ப்ளிண்ட், தசை நீட்சி, சக்கர நாற்காலி, விழுவதைத் தடுத்தல் எல்லாமே பல துறைகளுக்குப் பொதுவானவை. ஆகவே துறையின் பெயரைத் தேடாதீர்கள், செய்யும் சிகிச்சையைத் தேடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மொத்தப் பயிற்சியிலும் அதிகம் பயன்பட்டது இந்த ஒரு வரி என்று பிறகு பலர் சொன்னார்கள்.

இதையெல்லாம் சமாளிக்கத்தான் பப்மெட்டில் மெஷ் என்ற கட்டுப்பாட்டுச் சொற்பட்டியல் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் நடத்திவருவது. அன்றாடச் செயல்கள் என்பதற்கு அதில் தனித் தலைப்பே உண்டு. எந்தக் கட்டுரையாசிரியர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் அட்டவணையிடும்போது அந்தத் தலைப்பின் கீழ் வந்துவிடும். பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் இந்தத் தலைப்பு ஒட்டப்பட்டிருக்காது என்பதால் சாதாரணச் சொற்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

ஸ்ப்ளிண்ட் கேள்வி எப்படி நடந்தது

பிரிவின் சுவரில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். கேள்வி தோன்றியதும் அரைகுறையாகவாவது ஒரு வரி எழுதினால் போதும். வியாழன்தோறும் மதிய இடைவேளையில் முப்பது நிமிடம். ஒரு நோயாளி, ஒரு கேள்வி, ஒரு கட்டுரை. ஒரு வாரம் கேள்வியை அமைத்துத் தேடுவது, அடுத்த வாரம் படித்து முடிவெடுப்பது. நூலகத்துக்கு யாரும் வர வேண்டாம், நான் அங்கே போனேன்.

முதல் கேள்வி அந்த மகள் கேட்டதுதான். ஸ்ப்ளிண்ட் நல்லதா என்று நோட்டில் எழுதியிருந்தது. எதற்கு நல்லது என்று கேட்டேன். அறை அமைதியாகிவிட்டது. கை மடங்காமல் இருக்க என்றார் ஒருவர். வலி குறைய என்றார் இன்னொருவர். உள்ளங்கையைக் கழுவித் துடைக்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் தோல் புண்ணாகிவிடும் என்றார் மூன்றாமவர். மூத்த தெரபிஸ்ட் ஒருவர், கையைப் பயன்படுத்த முடிவதுதானே முக்கியம் என்றார். ஒரே சிகிச்சைக்கு நான்கு எதிர்பார்ப்புகள். இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஸ்ப்ளிண்ட் செய்தவர்கள் ஆளுக்கொரு நோக்கத்தை மனதில் வைத்திருந்தது அன்றுதான் அவர்களுக்கே தெரிந்தது. மகளின் கேள்வி மடங்குவதைப் பற்றியது என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி இப்படி முடிந்தது: பக்கவாதம் வந்து சில வாரங்களே ஆன, மணிக்கட்டைத் தானாக உயர்த்த முடியாத பெரியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு இரவு ஸ்ப்ளிண்டும் போட்டால், போடாதவர்களைவிட மணிக்கட்டு மூட்டுச் சுருக்கம், அதாவது மூட்டு மடங்கி இறுகிப்போவது, குறையுமா?

தேடல் சொற்களை அவர்களே சொல்ல, திரையில் தட்டினேன். பக்கவாதத்துக்கு இரண்டு மூன்று சொற்கள், சுருக்கத்துக்கு இரண்டு, அப்புறம் ஸ்ப்ளிண்ட். சொல்லின் முடிவில் உடுக்குறி போட்டால் அதன் எல்லா வடிவங்களும் வரும் என்று காட்டினேன். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிக்கும் சமவாய்ப்பு ஆய்வுகளுக்கு வடிகட்டி வைத்ததும் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது.

அதில் நடாஷா லானினும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இருந்தது. அந்தச் சக ஆய்வாளர்களில் ஒருவர், என் பயிலரங்கு முறையைப் பற்றி எனக்குக் கண் திறந்துவிட்ட அதே அன்னி மெக்கிளஸ்கி. பக்கவாதம் வந்து எட்டு வாரத்துக்குள் இருந்த 63 பேரை மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு ஸ்ப்ளிண்ட் இல்லை, ஒரு குழுவுக்கு மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளிண்ட், இன்னொன்றுக்குப் பின்பக்கம் நீட்டி வைக்கும் ஸ்ப்ளிண்ட். நான்கு வாரம், இரவு முழுதும். நேராக வைத்த குழுவில், போடாத குழுவோடு ஒப்பிட்டால், மணிக்கட்டு நீட்சியில் கிடைத்த வித்தியாசம் சராசரியாக 1.4 டிகிரி. உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளி மைனஸ் 5.4 முதல் 8.2 வரை.

நம்பிக்கை இடைவெளியைப் பயிலரங்கில் ஒரு மணி நேரம் விளக்கியும் யாருக்கும் ஒட்டவில்லை. இங்கே மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை எடுத்து மேசையில் வைத்தேன். 1.4 டிகிரியைக் காட்டச் சொன்னேன். அந்தக் கருவியால் அதை நம்பிக்கையோடு அளக்கவே முடியாது என்று அவர்கள்தான் சொன்னார்கள். மைனஸ் ஐந்து என்றால் என்ன? ஸ்ப்ளிண்ட் போட்டவர்கள் ஐந்து டிகிரி பின்தங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்று பொருள். எட்டு என்றால், சாதகமான கோடியில் அவ்வளவு கிடைக்கலாம். எத்தனை டிகிரி கிடைத்தால் நோயாளியின் வாழ்க்கையில் வித்தியாசம் தெரியும் என்ற விவாதத்தை அவர்களே தொடங்கி, இடைவேளை முடிந்த பிறகும் நிறுத்தவில்லை.

மூத்த தெரபிஸ்ட்டுக்கு வருத்தம். "இருபது வருஷமா போடுறேன். போட்டவங்களுக்குக் கை நல்லா இருந்திருக்கு. அதெல்லாம் பொய்யா?" என்றார். அந்த இடத்தில் நான் எச்சரிக்கையாக இருந்தேன். ஆய்வை வைத்து ஒருவரின் இருபது வருடத்தை வெட்டி எறிவது ஆதாரம் சார்ந்த நடைமுறை ஆகாது. போட்டவர்களின் கை நன்றாக இருந்தது உண்மை, போடாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை வார்டில் நாம் பார்க்கவே முடியாது, அதைப் பார்ப்பதற்காகத்தான் ஸ்ப்ளிண்ட் போடாத அந்தக் குழு என்றேன். ஆய்வைச் செய்தவர்களும் இந்தத் துறையை நன்கு அறிந்தவர்களே என்று தெரிந்ததும் அவர் கொஞ்சம் இளகினார். கட்டுரையை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் அவர் கேட்ட கேள்விதான் அன்றைய கூட்டத்தின் உச்சம்: ஒரே ஆய்வை வைத்து முடிவு செய்யலாமா? ஒரே கேள்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் மீளாய்வைத் திறந்தோம். லிசா ஹார்வியும் குழுவினரும் 2017இல் புதுப்பித்தது. 49 ஆய்வுகள், 2135 பேர். ஸ்ப்ளிண்ட் உட்பட நீட்சி தரும் பலவகைச் சிகிச்சைகள். ஏழு மாதத்துக்கு உட்பட்ட நீட்சியால் மூட்டு அசைவில் பயன் தரத்தக்க மாற்றம் வருவதில்லை என்பது அதன் முடிவு.

போடலாமா வேண்டாமா என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. நூலகர் அந்தக் கோட்டைத் தாண்டினால் நம்பிக்கை போய்விடும். முடிவை அவர்கள் எடுத்தார்கள். மூட்டுச் சுருக்கத்தைத் தடுப்பதற்காக மட்டும் எல்லோருக்கும் வழக்கமாக இரவு ஸ்ப்ளிண்ட் போடுவதை நிறுத்துவது, உள்ளங்கைச் சுத்தம், வலி போன்ற வேறு காரணம் இருந்தால் அந்தக் காரணத்தை எழுதி, அதை அளந்து பார்த்துப் போடுவது. ஸ்ப்ளிண்ட் செய்யும் நேரத்தைக் கையைச் செயலில் ஈடுபடுத்தும் பயிற்சிக்குத் திருப்புவது. அந்த மகளிடம் இளம் தெரபிஸ்ட் போய், நான் அன்று உறுதியாகச் சொன்னது சரியில்லை, தேடிப் பார்த்தேன் என்று விளக்கினார். மகள் கோபப்படவில்லையாம். தேடிப் பார்த்தீர்களா என்று ஆச்சரியப்பட்டாராம்.

வேறு சில கேள்விகள்

நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பலவீனமான கையைப் பழக்கும் சிகிச்சை பற்றி இன்னொரு கேள்வி. எக்ஸைட் என்ற 2006ஆம் ஆண்டு ஆய்வு, 222 பேர், பலன் தெளிவாகவே இருந்தது. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறையை மாட்டியிருக்க வேண்டும் என்பது இலக்கு, வார நாட்களில் ஆறு மணி நேரம் வரை பயிற்சி, இப்படி இரண்டு வாரம். விரலையும் மணிக்கட்டையும் ஓரளவாவது நீட்ட முடிந்தவர்களைத்தான் சேர்த்திருந்தார்கள். எங்கள் நோயாளிக்கு அந்த அசைவு இல்லை. ஆய்வு நல்லது, இவருக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டை ஒரு தடவை பார்த்த பிறகு, கட்டுரையில் முடிவுப் பகுதிக்கு முன்னால் யாரைச் சேர்த்தார்கள் என்ற பகுதியைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

குழந்தைகள் பிரிவிலிருந்து வந்த ஒரு கேள்வி, பக்கவாதத்துக்குப் பிறகு வீடு திரும்பியவர்களின் அனுபவம் பற்றி வந்த இன்னொன்று, இரண்டும் பைக்கோவுக்குள் அடங்கவில்லை. அனுபவத்தைக் கேட்கும் கேள்விக்கு ஒப்பீடு எங்கிருந்து வரும்? அதற்கென்றே ஸ்பைடர் என்ற வேறொரு சட்டகம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினோம். இந்தத் துறையின் பாதிக் கேள்விகள் இப்படிப்பட்டவை என்பதால் இதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மாறியதும் மாறாததும்

ஸ்ப்ளிண்ட் படிவத்தில் நோக்கம் என்று ஒரு வரி சேர்ந்தது. கணினி சிகிச்சை அறைக்கு அருகே இடம் மாறியது. நோட்டில் கேள்விகள் முதலில் ஒரு வரியாக இருந்தன, பிறகு நான்கு பகுதிகளாகப் பிரித்தே எழுத ஆரம்பித்தார்கள். தேடி ஒன்றும் கிடைக்காத வாரங்களில், கிடைக்கவில்லை என்பதும் நோயாளியிடம் சொல்லத்தக்க பதில்தான் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டது எனக்கு மிகுந்த நிறைவு தந்தது.

எடைபோடும் திறன் மட்டும் மெதுவாகத்தான் வளர்கிறது. தேடலில் காட்டும் துணிச்சலைப் புள்ளியியல் பக்கங்களில் காட்டுவதில்லை, உடனே என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபி ஆய்வுகளுக்கான ஓடி சீக்கர் தளத்தில் சமவாய்ப்பு ஆய்வுகளின் தரத்தைப் பெட்ரோ அளவுகோலில் பத்துக்கு மதிப்பிட்டு வைத்திருப்பது தொடக்கத்தில் துணையாக இருந்தது. ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்ததும் கட்டுரையைப் படிக்காமல் விடும் ஆசையும் வந்தது.

அதைவிடக் கவலை தந்தது வேறு. நான் ஒரு மாதம் விடுப்பில் போனபோது வியாழன் கூட்டமும் நின்றுபோனது. திரும்பி வந்து நோட்டைப் புரட்டினால் அந்த மாதத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லை. பிரிவுக்குள் வேர்விடுவதற்குப் பதில் எல்லாம் என்னைச் சுற்றிப் படர்ந்திருந்தது. அன்றிலிருந்து கூட்டத்தை முறைவைத்து ஒரு தெரபிஸ்ட் நடத்துகிறார். நான் பின்வரிசையில் உட்கார்கிறேன். திரையில் தவறான சொல்லைத் தட்டும்போது உடனே திருத்தாமல் இருப்பதற்கு எனக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது.

போன வாரம் கூட்டத்தை நடத்தியவர் அந்த மூத்த தெரபிஸ்ட். நோட்டில் பழைய ஸ்ப்ளிண்ட் தேடலுக்குக் கீழே அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "ஆர்த்தோசிஸ் என்ற சொல் இதில் விட்டுப்போயிருக்கிறது. சேர்த்துத் தேடினேன், இன்னும் சில கட்டுரைகள் வருகின்றன. வியாழன் எடுத்துக்கொள்ளலாமா?" ஸ்ப்ளிண்டுக்கு ஆய்வுகளில் வழங்கும் இன்னொரு சொல் அது. அதை விட்டது நான்தான். சரி என்று கீழே எழுதிவிட்டு வந்தேன்.